தண்ணீர்ப் பந்தல் கற்பிக்கும் பாடம்

தாகம் தீர்ப்பதைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். வழிநடப்போர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கவும், ஆங்கு நீர் வார்ப்போர்க்கு ஊதியம் அளிக்கவும் நிலக்கொடை வழங்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில எடுத்துரைக்கின்றன.

பிழைப்பு நாடி மலாயாவுக்கு வந்த தமிழர் அவ்வறத்தையும் உடன் கொணர்ந்தனர். 1873ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. 1892ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. கோயிலிலிருந்து புறப்படும் தேரைத் தொடர்ந்து பத்துமலைக்கு நடந்து, 272 படிகளேறி முருகனை வழிபடச் செல்வோர்க்கு வழிநெடுகப் பந்தலிட்டு நீரும் மோரும் வழங்குவது மரபாயிற்று.

அப்பந்தல்களில் ‘தாகமா?’ என்று வினவிக் காத்திருப்பார் இலர். கேளாமலே குவளை நீட்டப்படுகிறது. தாகம் தோன்றுமுன்பே உடல் நீரை இழக்கத் தொடங்கிவிடுகிறது என்னும் மருத்துவ உண்மைக்கு இஃது இயைந்த செயலாகும்.

ஆயினும், வெயில் மிகுந்த இந்நாட்டில், காலையில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியைத் திறவாமலே வீடு திரும்பும் மாணவர் பலர். சோர்வும் தலைவலியும் அவர்தம் கல்வியைக் கெடுக்கின்றன. ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் சில மிடறு நீர் பருகுமாறு ஆசிரியர் நினைவூட்டுவாராயின், அது நாளடைவில் வழக்கமாகிவிடும். வகுப்பறையும் ஒரு தண்ணீர்ப் பந்தலாகும்.