வெள்ளித்திரைக்கு வந்த பாலர் சபை



1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'தி குட் கம்பானியன்ஸ்' என்றொரு பேசும்படம் வெளிவந்தது. ஜே. பி. பிரீஸ்ட்லி என்னும் எழுத்தாளர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவிய படம் அது. ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடிப் பிழைக்கும் ஒரு சிறு கலைக்குழு, பணம் கையாடப்பட்டு நடுவழியில் தவிக்கிறது. எங்கிருந்தோ வந்து சேரும் மூவர் அக்குழுவைத் தூக்கி நிறுத்துகின்றனர். கதை இவ்வளவுதான். ஆனால், பேசும்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, தன்னால் வாழ்விழந்து கொண்டிருந்த மேடைக் கலைஞர்களின் துயரை அது பேசியது என்பது கவனிக்கத்தக்கது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் நாடகக் குழுக்கள் ஊர் ஊராக அலைந்து கொண்டிருந்தன. அவர்களது வாழ்க்கையைச் சொல்லும் படத்தை நம்மவர் எடுத்தனரா? இல்லை. நம்மவர் செய்தது வேறொன்று. நாடகக் குழுவைப் பற்றிப் படம் எடுக்காமல், நாடகக் குழுவையே கொண்டுபோய்ப் படக்கருவியின்முன் நிறுத்தினர். அந்த வரலாற்றை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருப்பது நன்று. ஏனெனில், அது ஒரு வகையில் பள்ளிக்கூடத்தின் கதையும் ஆகும்.

வாத்தியார் நடத்திய பள்ளி

தமிழ் நாடக உலகில் 'தலைமை ஆசிரியர்' என்று போற்றப்படுபவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களுக்கு அவர் அமைத்த வடிவமே பின்னர் தமிழ் மேடையெங்கும் பரவியது. பெரியவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதில் அவர் கண்ட இடர் பல. குறித்த நேரத்திற்கு வாராமை, மேடையில் மனம்போன போக்கில் பேசுதல், போட்டிப் பாட்டுப் பாடி நாடகத்தைக் கெடுத்தல் என்பன அவற்றுள் சில. எனவே, சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் முறையை அவர் கைக்கொண்டார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. பொதுமக்கள் இத்தகைய குழுக்களைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றே அழைத்தனர்.

அச்சபையில் தம் சகோதரர்களுடன் சேர்ந்த தி. க. சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. இன்று நம் பள்ளிகளில் பாலர் வகுப்பில் அமரும் வயது! அச்சிறுவனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் தமது 'எனது நாடக வாழ்க்கை' நூலில் நன்றியுடன் நினைவுகூர்கிறார்.

நாடகம் எழுதிப் பாடம் சொல்லிக் கொடுப்பவரை அக்காலத்தில் 'வாத்தியார்' என்றே அழைத்தனர். பாடமும் கடினமானதே. பாடல், வசனம், நடை, பார்வை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எழுத்தறியாத சிறுவனும் வெண்பாவையும் விருத்தத்தையும் பிசகாமல் உரைத்தான். சந்தி பிரித்து ஓதவும், நாவில் லகர ளகர ழகரம் தவறாமல் உச்சரிக்கவும் பழகினான். பிற்காலத் தமிழ்ப் படங்களில் நாம் வியந்து கேட்ட தெளிவான உச்சரிப்பு இங்கே விளைந்ததாகும்.

எனினும், ஓர் ஆசிரியராக இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லாமல் விட இயலாது. பிழைத்தால் பிரம்படி. பெற்றோரைக் காண்பது அரிது. விடிய விடிய நாடகம்; பகலில் உறக்கமும் ஒத்திகையும். கணக்கு, வரலாறு, பிறதொழில் எதுவும் கற்பிக்கப்படவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்தால், நேற்றுவரை கைதட்டல் பெற்ற சிறுவன் இன்று யாருக்கும் வேண்டாதவன் ஆவான். வறுமையால் பிள்ளையை ஒப்படைத்த குடும்பமும் அவனை எளிதில் திரும்ப ஏற்கும் நிலையில் இராது. எனவே, அது பள்ளியா, சிறுவர் உழைப்புக் கூடமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை.

கொட்டகையும் வயிற்றுப்பாடும்

ஒரு குழுவை நடத்துவது எளிதன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் முதலிய நடிகர்கள், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சமையற்காரர், சீன் கட்டுபவர் என ஒரு பெருங்கூட்டம் உண்டு. வரையப்பட்ட திரைச்சீலைகளையும் உடைப் பெட்டிகளையும் புகைவண்டியில் ஏற்றி ஓரூரிலிருந்து மறுவூருக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் ஊரில் கொட்டகைக்கு வாடகை தர வேண்டும். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அத்தனை வயிறுகளுக்கும் சோறு போட வேண்டும். ஒரு வாரம் மழை பிடித்தால் போதும், வசூல் விழும். கடன்பட்டு, உடைகளை அடகு வைத்து, அடுத்த ஊருக்குப் போகப் பயணச்சீட்டுக்கும் வழியின்றி நின்ற குழுக்கள் பல.

1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்தார் என்பது வருந்தத்தக்கது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிறர் நாவில் வைத்தவருக்கு வந்த நிலை அது. பின்னர் 1925ஆம் ஆண்டில் தி. க. ச. சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அப்போது சண்முகத்திற்கு வயது ஏறத்தாழப் பதின்மூன்று.

பேசும்படம் வந்தது

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கிய இப்படமே தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படுகிறது. அதில் தமிழுடன் தெலுங்கும் கலந்து ஒலித்தது. நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். அவரே 1936ஆம் ஆண்டில் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். 1934ஆம் ஆண்டில் 'பவளக்கொடி' மேடையிலிருந்து திரைக்கு வந்து எம். கே. தியாகராஜ பாகவதரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது.

ஆயின், எல்லாருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. மேடையில் ஈடற்றுப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் மட்டுமே அவர் குரலை இன்று நாம் கேட்கிறோம். அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாள், 1935ஆம் ஆண்டில் வெளியான 'பக்த நந்தனா'ரில் நடிக்க ஓர் இலட்சம் ரூபாய் பெற்றார் என்பர். மேடைக்கும் திரைக்கும் இடையே இருந்த பொருள் வேறுபாட்டை அத்தொகையே சொல்லிவிடும்.

திரைப்படம் ஏன் வென்றது என்பதை மாணவர்க்கும் விளங்கும்படி கூறலாம். ஒரு நாடகக் குழு ஓரிரவில் ஓரூரில்தான் ஆட முடியும். ஒரு படத்தின் பத்துப் பிரதிகள் ஓரிரவில் பத்து ஊர்களில் ஓடும். படச்சுருளுக்குச் சோறு வேண்டாம், தொண்டை கட்டாது, மகரக்கட்டு வாராது.

மேனகா

இந்நிலையில்தான் தி. க. ச. சகோதரர்களின் 'மேனகா' நாடகம் 1935ஆம் ஆண்டில் படமாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை, எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கியிருந்தார். இவர் நடிகர் எம். கே. ராதாவின் தந்தையார், பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்குச் சமூக நாடகங்களைக் கற்பித்த வாத்தியார். பின்னாளில் ஜுபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தால் புகழ்பெற்ற எம். சோமசுந்தரமும் எஸ். கே. மொகிதீனும் தயாரிக்க, பி. கே. ராஜா சாண்டோ இயக்கினார். தமிழ்நாட்டில் அக்காலத்தில் போதிய படப்பிடிப்பு வசதி இல்லாமையால், குழுவினர் பம்பாய் சென்று நடித்தனர்.

இப்படத்தின் சிறப்பு மூன்று. முதலாவது, புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் குடும்பக் கதை ஒன்றைச் சொன்ன முன்னோடிப் படங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, பாரதியார் பாடல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது இதில்தான் என்பர். மூன்றாவது, ஒரு நாடகக் குழு ஏறத்தாழ அப்படியே திரைக்குப் பெயர்ந்தது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நான்கு சகோதரர்களும், அவர்களது குழுவின் நகைச்சுவை நடிகராக விளங்கிய என். எஸ். கிருஷ்ணனும் இதில் இடம்பெற்றனர்.

மறு ஆண்டில் 'சதி லீலாவதி' வந்தது. எம். கே. ராதா, எம். ஜி. ராமச்சந்திரன், டி. எஸ். பாலையா என அதிலும் நாடகக் கம்பெனிப் பிள்ளைகளே நிறைந்திருந்தனர். அதில் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறு காவல் அதிகாரி வேடம். பிற்காலத்தில் இரசிகர்கள் அவரை 'வாத்தியார்' என்று அழைத்தபோது, அச்சொல்லின் வேர் பாய்ஸ் கம்பெனியில் இருந்ததை எத்தனை பேர் அறிந்திருப்பர்?

நம் மண்ணில்

மலாயாவிலும் இதற்கு இணையான கதை உண்டு. 1870களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவானதே 'பங்சாவான்' என்னும் மலாய் மேடை நாடகம். வரையப்பட்ட திரைச்சீலை, ஆர்மோனிய இசை, ஊர் ஊரான பயணம் ஆகியன தமிழ்க் கம்பெனி நாடகத்திற்கும் பங்சாவானுக்கும் பொதுவானவை. பார்சி நாடகமே இரண்டிற்கும் அவற்றை வழங்கியது. எனவே, இரண்டையும் உடன்பிறப்புகள் எனலாம். சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு 1934ஆம் ஆண்டில் திரையிடப்பட்ட 'லைலா மஜ்னுன்' முதல் மலாய்ப் பேசும்படமாகக் கருதப்படுகிறது. அதை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியர், நடித்தவர்களோ பங்சாவான் கலைஞர்கள். பின்னர் 1948ஆம் ஆண்டில் 'சிந்தா' படத்தின் வழி பி. ரம்லியைத் திரைக்குக் கொண்டு வந்தவரும் அதே ராஜ்ஹன்ஸ்தான்.

நம் ஜோகூர்த் தோட்டங்களில் கோவில் திருவிழாவை ஒட்டி அரிச்சந்திரா, கோவலன், வள்ளி திருமணம் முதலிய நாடகங்கள் ஆடப்பட்டதை மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். பகலில் பால்மரம் வெட்டியவர் இரவில் அரிச்சந்திரனாக நின்றார். பின்னர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டத் தொடங்கியதும் மேடை மெல்ல மெல்ல வெறுமையானது. மதுரையில் நடந்தது இங்கும் நடந்தது.

எடுக்கப்படாத படம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நாடகக் குழுவிலிருந்து இத்தனை பேர் திரைக்கு வந்தும், அக்குழுவின் பாட்டை அவர்கள் ஏன் உடனே படமாக்கவில்லை?

'கூத்தாடி' என்ற இழிசொல்லே முதற்காரணம் என்று எண்ணுகிறேன். நாடகக்காரனுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது. பெண் கொடுக்க மாட்டார்கள். அந்த வாழ்விலிருந்து தப்பி வந்தவர்கள் அதையே திரையில் காட்ட விரும்பியிருப்பார்களா? மேலும், அந்நாளைய பார்வையாளர்களுக்கு அது புதுமையும் அன்று. தம் தெருவில் கண்ட வறுமையைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்?

காலம் கடந்தபின்தான் அது கதையாயிற்று. 1973ஆம் ஆண்டில் 'ராஜபார்ட் ரங்கதுரை' வந்தது. அதில் நாடகக்காரராக நடித்த சிவாஜி கணேசன், சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில் அவ்வை தி. க. சண்முகம் காலமானார். 2014ஆம் ஆண்டில் வசந்தபாலன் 'காவியத் தலைவன்' படத்தை எடுத்தபோது, சுவாமிகளிடம் நேரில் பயின்ற தலைமுறை மறைந்துவிட்டிருந்தது.

இன்னொரு துயரமும் உண்டு. 'காளிதாஸ்', 'மேனகா' ஆகியவற்றின் படச்சுருள்கள் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. மேடை நாடகம் ஆடி முடிந்ததும் மறையும். படமோ நிலைக்கும் என்று நம்பித்தான் அவர்கள் பம்பாய்வரை சென்றார்கள். படமும் மறைந்தது. எஞ்சியது சண்முகம் எழுதி வைத்த நூலும், அவரைப் போன்றோர் விட்டுச்சென்ற குறிப்புகளுமே. திரையைவிடத் தாள் நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறது.

எனவே, என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில், அரிச்சந்திரனாகவோ சந்திரமதியாகவோ வேடமிட்ட பெரியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் அமர்ந்து கேளுங்கள். நாடகம் எந்த ஆண்டில் நடந்தது, யார் பயிற்றுவித்தார், உடை எங்கே தைத்தார்கள் என்பனவற்றை எழுதி வையுங்கள். ஆசிரியர்களாயின், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களைக்கொண்டு இதனை ஒரு செயல்திட்டமாகவே செய்யலாம். ஒரு பயிற்சி ஏடும் பேனாவும் போதும்.