அரிசோனாவின் கல்விக் கணக்கு: பள்ளித் தேர்வுரிமையின் செலவு யார் தலையில் விழுகிறது?

அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த தொகையைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால், குழந்தை விரும்பிய பள்ளிக்குப் போகும், கருவூலத்துக்கும் மிச்சம் என்பது பள்ளித் தேர்வுரிமையை ஆதரிப்போர் வரி செலுத்துவோர் முன் வைக்கும் வாதம். கல்விக்கு அரசு பணம் தரட்டும், பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை என்று மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதியதிலிருந்து வளர்ந்து வந்த சிந்தனை இது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022இல் இதற்கு எல்லையின்றிக் கதவைத் திறந்தது. அங்கே மிச்சம் ஏற்படவில்லை, புதுச் செலவே ஏற்பட்டது. நிர்வாகக் கோளாறு அதற்குக் காரணமன்று, திட்டத்தின் அமைப்பே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1990இல் மில்வாக்கி நகரில், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரும் வவுச்சர் முறை தொடங்கியபோது அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அரிசோனாவிலும் தொடக்கம் குறுகியதுதான். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கும் தரப்பட்ட வவுச்சரை, தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் தரக்கூடாதென்ற மாநில அரசியல் சட்ட விதியைக் காட்டி, மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் செல்லாதென்று அறிவித்தது. பள்ளிக்குத் தராமல் பெற்றோர் பெயரிலான கல்விக் கணக்கில் பணம் செலுத்தும் ஏற்பாடு 2011இல் வந்தது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2017இல் சட்டமன்றம் அதை எல்லாக் குழந்தைகளுக்கும் விரிக்க முனைந்தபோது, பெற்றோரும் ஆசிரியர்களும் கையெழுத்துத் திரட்டி அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2018 நவம்பரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் விரிவாக்கத்தை நிராகரித்தனர். மக்கள் இவ்வளவு தெளிவாக மறுத்ததை நான்கே ஆண்டுகளில், ஆளுநர் டக் டூசியின் கையொப்பத்தோடு, முன்னிலும் அகலமான வடிவில் சட்டமாக்கினார்கள். வரி செலுத்துவோரின் பெயரால் பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விரிவாக்கத்துக்கு முன் பயன்பெற்ற மாணவர்கள் சுமார் 12,000 பேர். சட்டமன்றக் கூட்டு நிதிநிலைக் குழுவின் மதிப்பீட்டில், விரிவாக்கத்தின் கூடுதல் செலவு முதல் ஆண்டில் சுமார் 3.3 கோடி டாலர், மூன்றாம் ஆண்டில் சுமார் 12.5 கோடி டாலர். நடந்ததோ வேறு. 2024இன் நடுப்பகுதிக்குள் மாணவர் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. திட்டத்தின் மொத்த ஆண்டுச் செலவு 70 கோடி டாலரை எட்டியது. இதில் பழைய பயனாளிகளான மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குரிய பெருந்தொகையும் அடங்கும். அதைக் கழித்துவிட்டாலும் மதிப்பீடு எவ்வளவு தவறியது என்பது தெரியும்.

எங்கே தவறியது? விரிவாக்கம் தொடங்கிய வேளையில் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அதற்குமுன் அரசுப் பள்ளியில் படித்த பதிவே இல்லை என்று மாநிலக் கல்வித் துறையே அறிவித்தது. அவர்கள் ஏற்கெனவே தனியார் பள்ளியிலோ வீட்டிலோ படித்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது அப்போதுதான் பள்ளி வயதை எட்டியவர்கள். ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துக் குழந்தைகளுக்குத் தலைக்கு 7,000 டாலர், ஆக 70,000 டாலர். அவர்களில் மூவர் மட்டுமே அரசுப் பள்ளியை விட்டு வந்தவர்கள், அவர்களுக்காக அரசுப் பள்ளிக்கு மாநிலம் தந்துவந்த அதே அளவுத் தொகை முழுவதும் அரசுக்கு மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 21,000 டாலர். புதுச் செலவு 49,000 டாலர். தலைக்கு எவ்வளவு தருகிறோம் என்பதைக் கொஞ்சம் குறைத்தாலும் கூட்டினாலும் இந்த முடிவு மாறாது. யாருக்குத் தருகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

அந்த மூவர் விஷயத்திலும் மிச்சம் முழுமையாகக் கிடைப்பதில்லை. அரிசோனாவில் சொத்துவரி நிறைய வசூலாகும் பள்ளி மாவட்டங்களுக்கு மாநில அரசின் அடிப்படை உதவி மிகக் குறைவு, சிலவற்றுக்கு அறவே இல்லை. அத்தகைய மாவட்டத்திலிருந்து ஒரு குழந்தை விலகினால் மாநிலக் கருவூலத்துக்கு மிஞ்சுவது ஏதுமில்லை, ஆனால் வவுச்சர் தொகையை மாநிலமே தர வேண்டும். இதற்கு மேல், பொருளியலில் மாறாச் செலவு என்பார்களே, அது. ஒரு வகுப்பிலிருந்து இரண்டு குழந்தைகள் போனால் ஆசிரியர் சம்பளம் குறையாது, பேருந்து அதே வழியில்தான் ஓடும், கூரையும் அதே கூரைதான். சராசரிச் செலவை வைத்து மிச்சத்தைக் கணக்கிடுவோர் இறுதிநிலைச் செலவை மறந்துவிடுகிறார்கள். பல வகுப்புகளில் இப்படிச் சிறுகச்சிறுகக் குறைந்து, கடைசியில் பள்ளியையே மூடும்போதுதான் செலவு உண்மையில் குறைகிறது. தெற்கு ஃபீனிக்ஸின் ரூஸ்வெல்ட் பள்ளி மாவட்டம் 2024 டிசம்பரில் ஐந்து பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிறப்பு விகித வீழ்ச்சியும், 1994 சட்டத்துக்குப் பின் பெருகிய, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் இத்தகைய மூடல்களுக்கு முக்கியக் காரணங்கள்; எல்லாப் பழியையும் வவுச்சர் மேல் போடுவது நேர்மையாகாது. ஏற்கெனவே மாணவர் குறைந்துவரும் பள்ளிகளிடமிருந்து மேலும் மாணவரை அது இழுக்கிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

2024இல் மாநிலம் சந்தித்த சுமார் 140 கோடி டாலர் பற்றாக்குறையையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021இல் சட்டமாகிய 2.5 விழுக்காடு ஒற்றை விகித வருமான வரி வருவாயை வெட்டியது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பே இல்லாத கல்விக் கணக்கு செலவை ஏற்றியது. உச்சவரம்பில்லாத உரிமையை வழங்கும் அதே கை வரியையும் குறைக்குமானால், இடைவெளியை நிரப்ப மற்றத் துறைகளைத்தான் வெட்ட வேண்டிவரும்.

இந்தியாவிலும் தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் போகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 12ஆம் பிரிவு, நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்குத் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அரசு ஈடுசெய்யும் தொகை, ஒரு குழந்தைக்கு அரசு செலவிடும் தொகை அல்லது பள்ளி வாங்கும் கட்டணம், இவற்றில் எது குறைவோ அது. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். இம்முறைக்கும் குறைகள் உண்டு. எல்.கே.ஜி.யிலேயே சேர்க்கை தொடங்குவதால், முதல் வகுப்பில் தொடங்கும் பெரும்பாலான அரசுப் பள்ளிகள் அந்தக் குழந்தையைக் கண்ணால் காணும் முன்பே இழந்துவிடுகின்றன. ஆயினும் பயனாளி யார் என்பதற்கும் தொகை எவ்வளவு என்பதற்கும் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. அரிசோனா 2022இல் கைவிட்டது இந்த வரம்புகளில் முதலாவதைத்தான்.

பெற்றோரின் தேர்வுரிமையை நான் எதிர்க்கவில்லை. தன் குழந்தைக்கு ஒத்துவராத பள்ளியிலிருந்து அதை மாற்ற வழியில்லாத ஏழைத் தாய்க்கு அரசு கைகொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக 2011இல் எழுந்த திட்டத்தின் நியாயம் இன்றும் குன்றவில்லை. ஆனால் கட்டணம் கட்டும் வசதியோடு ஏற்கெனவே தேர்வு செய்துவிட்ட குடும்பத்துக்கு அரசு புதிதாக எந்தத் தேர்வையும் தரவில்லை. அதன் கட்டணத்தை ஊரார் வரியில் கட்டுகிறது, அவ்வளவே. ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் 2024 தொடக்கத்தில் முன்மொழிந்த திருத்தம், 100 நாள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் தகுதி என்றது. சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நிபந்தனையோடு வருமான வரம்பும் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் சேர்க்கப்பட வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து மாறியவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே வெளியே இருந்தவர்கள் எத்தனை பேர், இரு பிரிவுக்கும் தனித்தனியே எவ்வளவு செலவு என்பதை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே அச்சிட வேண்டும்.