'ஃபோர் ட்வென்டி' பிறந்த கதை

போலீஸ் அதிகாரி போலப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் மக்காவ் ஸ்கேம் ஆகட்டும், காதல் பேசிக் காசு கறப்பதாகட்டும், ஜொகூர் பாரு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வந்தால் குற்றச்சாட்டில் அடிக்கடி விழும் எண் 420. நம்மவர்களோ கோர்ட் வாசல் மிதிக்காமலே "அவன் ஒரு ஃபோர் ட்வென்டி" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 'நானூற்று இருபது' என்று சொல்லிப் பாருங்கள், வசவின் காரமே போய்விடும்.

இந்த எண்ணின் பிறப்பிடம் கல்கத்தா. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கொடுத்த இந்தியத் தண்டனைச் சட்ட வரைவு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1860இல் அது சட்டமானபோது மெக்காலே உயிரோடு இல்லை. 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

அதில் 415ஆம் பிரிவு ஏமாற்றுதல் எது என்று சொல்கிறது. வெறும் ஏமாற்றுக்கு 417. ஏமாந்தவர் தன் பணத்தையோ பொருளையோ எடுத்துக் கொடுக்கும்படி செய்தால்தான் 420. ஆக, சும்மா வாய்ச்சவடால் அடிப்பவனை இந்தப் பெயரால் திட்டுவது சட்டப்படி அநியாயம்! திருடன் நமக்குத் தெரியாமல் எடுக்கிறான். ஃபோர் ட்வென்டிக்கோ நாமே நம்பிக் கொடுக்கிறோம். பறிகொடுத்தவர்கள் போலீசுக்குப் போகக் கூசுவதும் இதனால்தான்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1871இல் இச்சட்டத்தைத் தழுவின. 420 எண் மாறாமலே கடல் தாண்டியது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவி, 1976இல் மலேசியா முழுமைக்கும் ஒரே சட்டமாயிற்று. இலங்கை 1883இல் தனக்கென எழுதிக்கொண்ட சட்டத்திலோ இதே குற்றம் 403. எண் வசவானதற்குச் சினிமாவும் சாட்சி: ராஜ் கபூர் 1955இல் எடுத்த படத்தின் பெயரே 'ஸ்ரீ 420'.

பெற்ற இந்தியா இப்போது பிள்ளையைக் கைவிட்டுவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அங்கே பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். மோசடி 318(4) ஆகிவிட்டது. மலேசியாவில் 420 அப்படியே இருக்கிறது, தண்டனையும் கடுமை: ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அதோடு அபராதமும் விதிக்கலாம். 318(4) என்று எவனையும் திட்ட முடியாது, வாயில் நிற்காது.