பதிவேட்டில் இருந்த உரும்பிராய்

1990களில் யாழ்ப்பாண மாவட்டத்து உரும்பிராயில் எத்தனை சனம் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், கொழும்பிலுள்ள புள்ளிவிபரத் திணைக்களத்திடம் விடை இருந்திராது. 1981இல் எடுத்த குடிசன மதிப்பீடுதான் கடைசி. 1991இல் எடுக்கவேண்டியது யுத்தத்தால் நாட்டில் எங்குமே எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்தபோது வடக்கு அதற்குள் முழுமையாக அடங்கவில்லை. 2012இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்தில் மறுபடி வீடு வீடாகத் தலை எண்ணினார்கள். 1981இல் மாவட்டத்துக்குள் இருந்த கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தால், அந்த ஆண்டில் 7 லட்சத்து 38 ஆயிரம் அளவில் இருந்த மாவட்டம், 2012இல் 5 லட்சத்து 83 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. இடையில் 31 ஆண்டுகள்.

அந்த 31 ஆண்டுகளிலும் இங்கே பிள்ளைகள் பிறந்தன, தடுப்பூசி போடப்பட்டது, நெருப்புக் காய்ச்சல் வந்தது, மலேரியா வந்தது. எத்தனை பேருக்கு ஊசி போகவேண்டும், எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற கணக்கு தேவைப்பட்டது. கிராம சேவையாளரிடம் குடும்ப அட்டைகளின் பட்டியல் இருந்தது. அதைவிட்டால் ஊரின் முழு விபரமும் இருந்த இடம் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. உரும்பிராய் அடங்கிய கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பிரிவில் அந்தப் பதிவேட்டை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஊரவைக்கு நான் மிட்வைஃப். தாய்மாருக்கு மிஸ். ஆச்சிமாருக்குப் பிள்ளை.

பதிவேட்டின் பெயர் எச் 526. ஒரு உத்தியோகத்தருக்குச் சுமார் 3,000 பேர் கொண்ட பகுதி என்பது இலங்கையில் நெடுங்காலமாக உள்ள அளவு. அந்தப் பகுதியின் ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் எழுதவேண்டும். திருமணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, குடும்பக் கட்டுப்பாட்டு முறை என்ன, ருபெல்லா ஊசி போட்டதா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கர்ப்பம் தரித்தால் எச் 512 என்ற அட்டை. பிள்ளை பிறந்தால் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. சனம் அதைக் கிளினிக் கொப்பி என்றுதான் சொல்லும். மாதம் முடிய எல்லாவற்றையும் கூட்டி எச் 524இல் நிரப்பிக் கந்தோரில் கொடுப்போம். அங்கே காலாண்டுக் கணக்காகிக் கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகும்.

இந்த ஒழுங்கு ஒரு நாளில் வந்ததில்லை. பிறப்பு, இறப்பைப் பதியும் அரச முறை இலங்கையில் 1867இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறப்பைக் குறித்துவைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. சாதகம் எழுதுவதற்காக நாழிகை தவறாமல் நேரம் பார்த்தவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிகள். நான் வேலை பார்த்த காலத்திலும், பிள்ளைக்கு எத்தனை கிழமை என்று கேட்டால் நட்சத்திரத்தைச் சொல்லி அங்கிருந்து கணக்குப் போட்டுத் தந்த ஆச்சிமார் இருந்தார்கள். சாவைப் பற்றி அப்படி யாரும் நுணுக்கமாகக் குறிக்கவில்லை. வைத்தியர் பார்க்காத மரணத்துக்குப் பதிவுகாரர் வீட்டார் சொன்னதையே காரணமாக எழுதினார். பழைய பதிவுகளில் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லுக்குள் மலேரியா, நெருப்புக் காய்ச்சல், சளிச்சுரம், பிரசவத்துக்குப் பின்வரும் காய்ச்சல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் எதைத் தடுப்பது?

1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், தனிமைப்படுத்தலும் நோய்த்தடுப்பும் பற்றியது, இதில் பெரிய அடி எடுத்துவைத்தது. குறித்த தொற்றுநோய்கள் தெரியவந்தால் அறிவிக்கவேண்டிய கடமையை அது சட்டமாக்கியது. அந்தக் கடமை ஆங்கில மருத்துவம் படித்தவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வைத்தியம் பார்ப்பவர் எவருக்கும் உண்டு. 1926இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி. ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீடுகளுக்குள் நடந்து செய்யும் வேலை. கோப்பாய்க் கந்தோரும் தீவின் மற்ற எல்லா எம்.ஓ.எச். கந்தோர்களும் அந்தக் களுத்துறை மாதிரியில் பிறந்தவை. நோய் அறிவித்தல்களைச் சேர்த்துப் பார்க்கும் தொற்றுநோயியல் பிரிவு 1959இல் கொழும்பில் அமைந்தது.

உரும்பிராயில் இந்தச் சங்கிலி எப்படி ஓடியது என்பதை நெருப்புக் காய்ச்சலைக்கொண்டு சொல்கிறேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே செம்மண், கீழே துளையும் வெடிப்புமான கல், அதற்குள் தண்ணீர். மழை விழுந்தால் அந்த வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிவிடும். மலக்குழியில் உள்ளதும் அப்படியே இறங்கும். தோட்டத்துக்குப் போட்ட உரமும் இறங்கும். உரும்பிராய் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளவுக்கு ஒரு கிணறும் வளவுக்கு ஒரு மலக்குழியுமாக நெருங்கியிருந்த ஊரில் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் தங்கிவிட்டதில் வியப்பில்லை.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒருவருக்கு நெருப்புக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்த உடனேயே எச் 544 என்ற அறிவித்தல் எழுதவேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது. அது நோயாளி வசிக்கும் பிரிவின் கந்தோருக்கு வரும். அங்கிருந்து பரிசோதகர் எச் 411 என்ற படிவத்துடன் வீட்டுக்குப் போவார். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி, கட்டுக்கிணறா, அயலில் வேறு யாருக்கும் காய்ச்சலா, நோயாளி சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவரா என்று பார்ப்பார். கிணற்றுக்குக் குளோரின் போடுவார். வெள்ளிக்கிழமையோடு கிழமையை முடித்து, எச் 399 என்ற வாராந்தப் படிவம் கொழும்புக்குப் போகும். தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் மாவட்டம் மாவட்டமாக ஒரு அட்டவணை வரும். அதன் ஓரத்தில் இரண்டு நிரல்கள்: படிவங்கள் நேரத்துக்கு வந்தனவா, எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வந்தனவா. நோய்களின் எண்ணிக்கையைவிட அந்த இரண்டு நிரல்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். படிவம் வராத கிழமையில் பூச்சியம் என்று இருந்தால் அது நோயில்லாத ஊரின் பூச்சியமாக இருக்காது.

பதிவின் பலனைக் காட்டும் பழைய உதாரணம் ஒன்று. லண்டனில் 1854இல் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்து, பிறோட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுட்டிக்காட்டிய கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அவர் கையில் இருந்தது பதிவாளர் நாயகம் கந்தோரின் மரணப் பட்டியல். அங்கே வில்லியம் ஃபார் என்பவர் ஆண்டுக்கணக்காகப் பதிவுகளை ஒழுங்குபடுத்தி வந்ததால்தான், யார் எந்த விலாசத்தில் இறந்தார் என்று ஸ்னோவுக்குக் கிடைத்தது. ஸ்னோவுக்கு உலகம் கொடுத்த பெருமையில் பாதியை ஃபாருக்குக் கொடுத்தால் நான் மகிழ்வேன்.

மலேரியாவில் நாங்கள் இன்னொரு பாடம் படித்தோம். 1946இல் டி.டி.ரி. அடிக்கத் தொடங்கிய பின், ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் அடுத்த ஆண்டு 14.3 ஆனது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள் மட்டுமே. மருந்தடிப்பும் காய்ச்சல்காரரின் இரத்தம் எடுத்துத் தேடுவதும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. யுத்தகாலத்தில், 1999இல், மறுபடி 2 லட்சத்து 64 ஆயிரம். அதன்பின் ஒவ்வொரு நோயாளியையும் வீடுவரை தேடிப்போனதால்தான் 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று ஒன்றும் இல்லாமல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில், கிணறுகளில் முட்டையிடும் ஒரு புதிய நுளம்பினம், அனோபிலிஸ் ஸ்ரெபென்சி, கண்டுபிடிக்கப்பட்டது. தேடுகிறவர்கள் வேலையில் இருந்தபடியால் கண்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30. யுத்தம் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு எழும்பியது. மழை, இருட்டு, தெருமுட்டச் சனம். சனம் தூக்கிப்போன பைகளில் காணி உறுதி, சாதகம், அடையாள அட்டை, அவற்றோடு பிள்ளையின் கிளினிக் கொப்பியும் இருந்ததை நான் பிறகு தென்மராட்சியில் கண்டேன். பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டுவந்த தாய்மார் இருந்தார்கள். என் பதிவேட்டை நான் உரப்பையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன்.

சாவகச்சேரிப் பக்கம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் சனம். வகுப்பறை வாசலில் நின்று, “உரும்பிராய் கிழக்கு ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?” என்று கேட்போம். “மிஸ், நாங்கள் இஞ்சை” என்று ஒரு குரல் வரும். பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் தேடி, ஓரத்தில் இப்போதிருக்கும் இடத்தைப் பென்சிலால் எழுதுவேன். பென்சில், ஏனென்றால் நாளைக்கு அவர்கள் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குப் போயிருப்பார்கள். ஒரே பதிவேட்டுக்குள் ஊர் சிதறிப்போவதைப் பார்த்தபடி இருந்தோம். அந்த ஆண்டில்தான் போலியோ ஒழிப்புக்கான தேசிய தடுப்பு மருந்து நாட்களும் நாட்டில் தொடங்கின. யுனிசெப் ஊடாகப் பேசி, அந்த நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டானது. எத்தனை பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து வேண்டும் என்ற கேள்விக்கு, குடிசன மதிப்பீடு இல்லாத மாகாணத்தில் விடை சொன்னவை அந்தப் பென்சில் குறிப்புகள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானவர். அதற்குப் பிறகு வந்த அத்தனை யுத்த ஆண்டுகளிலும் வேறொருவர் இல்லை. இதை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

1996இல் சனம் திரும்பியபோது, கூரையில்லாத வீடுகளுக்கு முன்னால் நின்று பதிவேட்டைப் புதிதாகத் தொடங்கினோம். திரும்பாதவர்களின் பெயருக்கு எதிரே ‘வெளியேறிவிட்டார்’ என்று எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் ஊசி போடாத பிள்ளைகள் நிறைய இருப்பதுபோலக் கணக்குக் காட்டும். எழுதும்போது கை தயங்கத்தான் செய்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் பள்ளிக்கூடத்தில் சேர அதே கிளினிக் கொப்பியைத்தான் காட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

கணினி எங்களிடம் தாமதமாக வந்தது. 1990இல் போன மின்சாரமும் தொலைபேசியும் திரும்பவே ஆண்டுகள் பிடித்தன. ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2009இல்தான் நிலைத்தது. அதன்பின் மாற்றம் வேகமாக வந்தது. தடுப்பூசி, டெங்கு, தாய் சேய் நலம் என்று ஒவ்வொன்றுக்கும் இணையவழிப் பதிவு. நாட்கணக்கில் தபாலில் கிடந்த எச் 544 சொல்லும் செய்தி இப்போது சில மணி நேரத்தில் பரிசோதகரின் கையில் இருக்கிறது. டெங்கில் இது உயிர்காக்கும் வித்தியாசம்: முட்டை நுளம்பாவதற்குப் பத்து நாள் அளவே போதும். 2017இல் 1 லட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளிகளைக் கண்ட நாட்டில், ஒரு கிழமை பிந்திவரும் படிவத்தை வைத்து எந்த வளவைத் துப்புரவாக்குவது?

2020 ஜனவரியில் நாட்டின் முதலாவது கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட நாட்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைத் தொடர்ந்து கவனிக்கும் பதிவு முறையொன்றை இலங்கையின் சுகாதாரத் தகவலியலாளர்கள் ஆக்கிவிட்டார்கள். அடித்தளம் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற இலவச மென்பொருள். தென்னாபிரிக்காவில் 1990களில் முளைத்து, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் வளர்ந்தது. இலங்கையில் செய்ததைப் பார்த்துப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன; நோர்வேயின் நகரசபைகளும் தொற்றுத் தொடர்புகளைத் தேட அதையே பயன்படுத்தின. ஒஸ்லோவில் குடியேறிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது தெரியுமோ. களுத்துறையிலிருந்து நூறாண்டாக வீடு வீடாக நடந்து எழுதிப் பழகிய நாட்டுக்கு அப்படியொன்றை விரைவாகச் செய்ய வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம். டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாய்ச் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். கரவெட்டி, பருத்தித்துறை என்று இடங்கள் ஒன்றுசேர்ந்து தெரிந்தன. இரத்த மாதிரிகள் எலிக்காய்ச்சல் என்று காட்டின. ஏழு பேர் இறந்திருந்த நிலையில், வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கும் வேலை தொடங்கியது. ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதிய காலத்தில் அந்த ஏழு மரணமும் ஏழு தனி வீட்டுத் துக்கமாகவே முடிந்திருக்கும்.

எனக்கு இரண்டு கவலை. ஒன்று, திரையில் தெரியும் எண்ணை யாரோ ஒருத்தி படலையைத் திறந்து உள்ளே போய்க் கேட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் இன்று குடும்பநல உத்தியோகத்தர் பதவிகள் பல வெற்றிடமாக இருக்கின்றன; ஒருத்தி இரண்டு பகுதியைப் பார்க்கிறாள், கிளினிக் முடிந்த பிறகு வீட்டில் இருந்து கணினியில் ஏற்றுகிறாள். மற்றது, எண்கள் மேலே போகிற அளவுக்குக் கீழே வருவதில்லை. உரும்பிராய்ச் சந்தியில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டுகிற சுவரில், இந்தக் கிழமை எங்கள் பிரிவில் டெங்கு எத்தனை, நெருப்புக் காய்ச்சல் எத்தனை, எந்தக் கிணறுகளில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும் என்று ஒரு தாள் ஒட்டலாம். ஆளின் பெயர் வேண்டாம், வீட்டு இலக்கம் வேண்டாம், ஒழுங்கையின் பெயர் போதும். இதைக் கந்தோருக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். பிரதேச சபைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.