பாதி தீர்ந்த பேட்டரிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

டிவி ரிமோட் வேலை செய்யலைன்னா நாம என்ன பண்ணுவோம்? பேட்டரியை உருட்டிப் பார்ப்போம், ஒரு தட்டு தட்டுவோம், அப்புறம் தூக்கிப் போட்டுவிடுவோம். ஆனால் பாதி தீர்ந்த பேட்டரியைப் பத்திரமாக எடுத்து வைக்கிற ஒரு கூட்டம் இருக்கு: ஃபஸ் பெடல் வைத்திருக்கும் கிட்டார்காரர்கள்! ஏன்னு புரிய, அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்குப் போகணும்.

வருடம் 1960. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டுக்கு ஒலிப்பதிவு நடக்கிறது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறார். மிக்ஸிங் கன்சோலில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுது. கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரன்னு சத்தம். திரும்ப எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. 1961-ல் பாட்டு ஹிட்.

ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவரோடு சேர்ந்து, அந்தப் பழுதின் சத்தத்தை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் வேண்டுமென்றே உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. உள்ளே 3 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 1.5 வோல்ட் செல் இரண்டு. மொத்தமே 3 வோல்ட்!

இங்கேதான் விஷயம். கூரை தாழ்வான வீட்டில் குதித்தால் தலை இடிக்கும் இல்லையா? சர்க்யூட்டுக்கு வோல்டேஜ்தான் கூரை. கிட்டார் சிக்னலைப் பெரிசாக்கும்போது அது கூரையில் மோதி, உச்சி தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் ஃபஸ்.

முதலில் பெரிசா விற்கவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்தார். டிரம்பெட் மாதிரி ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடம் அது, ஃபஸ் சும்மா மாதிரிக்குத்தான் என்று நினைத்தார். மாதிரியே பாட்டாகி, கடைகளில் பெடல் தீர்ந்துபோனது.

1966-ல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' வந்தது. இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் இருந்தது இதுதான். பேட்டரி இறங்கி 7, 8 வோல்ட்டுக்கு வரும்போது கூரை தாழ்கிறது. டிரான்சிஸ்டரின் பயாஸும், அதாவது அது ஓய்வாக நிற்கும் புள்ளியும், நகர்கிறது. சத்தம் சீக்கிரம் கிழியும், ஸ்வரத்தின் கடைசி இழை பட்டென்று அறுபடும். சிலருக்கு அதுவே தேன்.

அப்போ பழைய மலிவான கார்பன்-ஜிங்க் பேட்டரிதான் ஒசத்தி, ஆல்கலைன் ஆகாதுன்னு சொல்றாங்களே? கார்பன்-ஜிங்கின் உள் மின்தடை அதிகம், சீக்கிரம் இறங்கும், உண்மைதான். ஆனால் இந்தப் பெடல் இழுப்பதே ஏறக்குறைய ஒரு மில்லியாம்ப். அவ்வளவு சின்ன கரண்ட்டில், பேட்டரி புதுசாக இருக்கும்வரை, அந்த மின்தடை பெரிய வித்தியாசம் பண்ணாது. காதில் விழுவது பெரும்பாலும் வோல்டேஜ்தான், பிராண்ட் இல்லை.

அதனால் 'மந்திர பேட்டரி' தேடிக் காசை விடாதீங்க. ஒரு மல்டிமீட்டர் போதும். பெடல் உங்க காதுக்கு இனிக்கும் நாளில் பேட்டரியை அளந்து, எண்ணை எழுதி வையுங்க. அடுத்த முறை அந்த எண்ணைத் தேடினால் போதும்.

ஒரு ரிப்பேர் சத்தத்தைக் கேட்டு, இது நல்லா இருக்கேன்னு சொல்ல நாலு பேர் இருந்தாங்க. இந்தக் கதை மொத்தமும் அதிலிருந்து வந்ததுதான்.