மரப்பெட்டிக்குள் வந்த புழு

மேலூர் வட்டாரத்துக் கிரானைட் கற்பலகைகள் பல்லாண்டுகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து சென்றதை நாம் அறிவோம். கல்லின் நிறத்தையும் விலையையும் பேசியோர் பலர். அதைத் தாங்கிச் சென்ற மரச்சட்டத்தைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே. ஆனால் சரக்கைச் சுமக்கும் அந்த மலிவான மரமே சென்ற நூற்றாண்டின் இறுதியில் உலக வணிகத்திற்குக் கசப்பான பாடம் ஒன்றைக் கற்பித்தது.

வடசீனத்தில் மணற்பரப்பு விரிவதைத் தடுக்க 1970களின் இறுதியிலிருந்து பாப்ளர் மரங்கள் பெருந்தொகையாக நடப்பட்டன. ஒரே இன மரங்கள் செறிந்த அத்தோப்புகளில் நீளக்கொம்பு வண்டு பெருகியது. தாய்வண்டு பட்டையில் முட்டையிடும்; புழுவோ வைரம் வரை துளைத்து உள்ளேயே வாழும். அத்தகைய மரங்கள் அறுபட்டுச் சரக்குப் பெட்டிகளானபோது புழுவும் உடன் பயணம் செய்தது.

1996ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், தெருவோர மேப்பிள் மரங்களில் விரல் நுழையுமளவு துளைகள் காணப்பட்டன. 1998இல் சிகாகோவிலும் அதே வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு 1,500க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. நலமாயிருந்த மரங்களுக்கு ஆண்டுதோறும் மருந்து செலுத்தினர். வெறுமையான இடங்களில் வேறின மரங்களை நட்டனர். வாசலில் நிழல் தந்த மரங்களை இழந்த மக்களின் ஒத்துழைப்பால், 2008இல் வண்டு அந்நகரில் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. டெட்ராய்ட் நகரருகே 2002இல் கண்டறியப்பட்ட மரகத வண்டின் கதை வேறு. அது முன்னரே வேரூன்றிவிட்டிருந்தது; கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் மடிந்தன.

அதே 2002ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒரு பொதுவிதியை ஏற்றன. ஏற்றுமதிப் பெட்டிக்கான மரத்தின் உட்பகுதி முழுவதும் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடமேனும் இருத்தல் வேண்டும். அல்லது நச்சுப்புகையூட்டல் வேண்டும். அதன்பின் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை இடப்படும். இந்தியாவும் இவ்விதியை ஏற்றுள்ளது.

கோதுமையிடையே களை விதைக்கப்பட்ட உவமையை நாம் அறிவோம். அங்கே, மக்கள் உறங்கும் நேரத்தில் வந்த பகைவன் ஒருவன் இருந்தான். இங்கோ பகைவனே இல்லை. மரம் நட்டவரும் பெட்டி செய்தவரும் எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர். உறக்கம் மட்டுமே இருந்தது. அழிவுக்கு அதுவே போதுமானதாயிற்று.

தீமை செய்யாதிருத்தலே அறம் என்று நாம் பல வேளைகளில் நிறைவடைகிறோம். நம் கையிலிருந்து புறப்படும் பொருள் முகமறியாத அயலானின் வாசலில் எதை இறக்கி வைக்கும் என்று ஆராய்வதும் அறமே. முன்பின் கண்டிராத ஒருவரின் மரத்திற்காக ஒரு பலகையை அரைமணி நேரம் சூடேற்றுவது சிறு செயல்தான். எனினும் பிறரன்புக் கட்டளை அதற்குள்ளும் நிறைவேறுகிறது.