பத்து சென்ட் தக்காளி

குடியானவருக்கு விவசாயத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறவரைப் போன்ற தைரியசாலி உலகத்தில் கிடையாது. கேட்பவர் மரியாதையாகத் தலையை ஆட்டுவார். பிறகு வயலுக்குப் போய், தம் பாட்டனார் செய்ததையே செய்வார்.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து மக்கூப்பின் ஜில்லாவில் வில் ஆட்வெல் என்பவருக்கு இந்த அனுபவம் கிடைத்தது. அவர் அங்கே விவசாயிகள் சங்கத்தின் தலைவர். ஊரெல்லாம் அழைப்பு அனுப்பிக் கூட்டம் போட்டார். பேசுவதற்கு ஆள் வந்தார்கள்; கேட்பதற்குத்தான் வரவில்லை. மனிதர் சளைக்கவில்லை. பெரியவர்களை விட்டுவிட்டுப் பையன்களைப் பிடித்தார். நல்ல மக்காச்சோள விதை தருகிறேன், விளைத்துக் கொண்டு வாருங்கள், பரிசு உண்டு என்றார். 1900-ஆம் ஆண்டை ஒட்டிச் சுமார் 500 பையன்கள் விதை வாங்கிப் போனார்கள். அடுத்த கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மகன் விளைத்த கதிருக்குப் பரிசு கிடைக்கிறதா என்று பார்க்க வராத தகப்பன் எந்த தேசத்தில் இருக்கிறான்?

இதே சூட்சுமத்தை ஒஹாயோ மாகாணத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளரும் கண்டுகொண்டார். 1902 ஜனவரி 15-ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துக் கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறையில் ஏறக்குறைய 30 சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். அவர்கள் கையில் லிட்மஸ் காகிதத்தைக் கொடுத்து, அவரவர் நிலத்து மண்ணைச் சோதித்துவரச் சொன்னார். ஈர மண்ணில் வைத்த நீலக் காகிதம் சிவந்தால் மண்ணில் புளிப்பு ஏறியிருக்கிறது, சுண்ணாம்பு இட வேண்டும் என்று அர்த்தம். சர்க்கார் நிபுணர் சொன்னால் நம்பாத அப்பா, தம் பெண் காட்டிய சிவப்புக் காகிதத்தை எப்படி மறுப்பார்?

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்தவர் இவர்கள் இருவருமல்ல. தென் கரோலினா மாகாணத்தில், ஏய்க்கன் ஜில்லாவில், ஒரு கிராமப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி. பெயர் மேரி குரோமர். 1909-ஆம் ஆண்டுக் கடைசியில் ஓர் ஆசிரியர் மகாநாட்டுக்குப் போயிருந்தார். பையன்களுக்கான மக்காச்சோளச் சங்கங்களைப் பற்றி ஒருவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அம்மையாருக்கு ஒரே ஒரு சந்தேகம்: பையன்களுக்குச் சங்கம் இருக்கிறது, பெண் குழந்தைகளுக்கு?

ஊர் திரும்பி, 1910-இல் பெண்களின் தக்காளிச் சங்கத்தை ஆரம்பித்தார். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். நம் கணக்கில் சரியாகப் பத்து சென்ட். அதில் தக்காளி பயிரிட வேண்டும். பழத்தை வேகவைத்துத் தகர டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் அவளே எழுத வேண்டும். தகப்பனாரின் பருத்தி வயலில் நாள் முழுதும் வேலை செய்தாலும் தனக்கென்று ஒரு காசு காணாத பெண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

இத்துடன் நின்றிருந்தால் அவர் புத்திசாலி. முதற்பரிசு பெறும் பெண்ணுக்கு வின்த்ராப் கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளம் என்று அறிவித்துவிட்டார். அதற்கு 140 டாலர் வேண்டும். கையில் ஒரு டாலர்கூட இல்லை! நாற்று நட்டாயிற்று, பெண்கள் கனாக் காண ஆரம்பித்தாயிற்று. வாக்குக் கொடுத்தவர் வீடு வீடாகப் பணக்காரர்களைத் தேடி அலைந்தார். குளிர்காலத்தைக் கழிக்க ஏய்க்கனுக்கு வரும் வடநாட்டுச் செல்வர் ஒருவர் கடைசியில் தொகையைக் கொடுத்துக் காப்பாற்றினார். பரிசு பெற்ற கேட்டி கன்டர் என்ற பெண் தன் பத்து சென்டிலிருந்து 512 டப்பாக்கள் நிரப்பியிருந்தாள்.

அதே 1910-இல், அதே மாகாணத்தில், ஜெரி மூர் என்ற பையன் ஒரு ஏக்கரில் 228 புஷெல் மக்காச்சோளம் விளைத்தான். ஏறக்குறைய ஐந்தே முக்கால் டன். பத்திரிகைகள் அவனைக் கொண்டாடின. எனக்கென்னவோ அந்த 512 டப்பாக்கள்தான் பெரிதாகத் தோன்றுகின்றன.

1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. ஜில்லா தோறும் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் ஏற்பட்டார்கள். தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு ‘நாலு எச்’ என்ற பெயரும் நாளடைவில் நிலைத்தது. ஆனால் ஓர் அதிகாரி எத்தனை கிராமத்துக்குத்தான் போவார்? உள்ளூர்ச் சங்கத்தை நடத்தியவர்கள் அடுத்த பண்ணைக்காரர், அண்டை வீட்டு அம்மாள், பள்ளிக்கூடத்து வாத்தியார். காசு வாங்காமல் மாலை வேளைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லாடியவர்கள் அவர்களே.

அவர்களும் தங்கள் காலத்தின் மனிதர்கள்தாம். மேரி குரோமரின் சங்கத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். தென் மாகாணங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிச் சங்கம், தனி அதிகாரி, குறைந்த பணம். 1927-இல் வாஷிங்டன் நகரில் தேசிய முகாம் தொடங்கியபோது அவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கென்று ஒரு முகாம் கூடியது 1948-இல், அதுவும் தனியாகத்தான்.